பதினொரு ஆண்டுகள் தள்ளிப்போட்ட ‘டியூன்’ நாவலை ஒரே மாதத்தில் படித்து முடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

என்னிடம் இருக்கும் ‘டியூன்’ நாவலின் பழைய பிரதிக்குள் இன்றும் மூன்று துண்டுச் சீட்டுகள் செருகிக் கிடக்கின்றன. 27ஆம் பக்கத்தில் ஒரு ரயில் பயணச்சீட்டு, 61ஆம் பக்கத்தில் மின்கட்டண ரசீது, 112ஆம் பக்கத்தில் யாருடைய கல்யாணப் பத்திரிகையிலிருந்தோ கிழித்த ஓரம். 2013, 2017, 2021 ஆகிய ஆண்டுகளில் அந்த நாவலைத் தொடங்கி, மூன்று முறையும் நான் கைவிட்ட இடங்கள் அவை. 2024இல் நான்காம் முறையாக எடுத்தபோது முப்பத்திரண்டு நாட்களில் முடித்துவிட்டேன். இடைப்பட்ட காலத்தில் என் ஆங்கிலம் தேறிவிடவில்லை, பொறுமையும் கூடிவிடவில்லை. புத்தகத்துக்குள் நுழையும் வாசலை மட்டும் மாற்றிக்கொண்டேன். அலமாரியில் இந்த நாவல் கண்ணில் படும்போதெல்லாம் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்பவர்களுக்காக, அந்த வாசல் வழியாக எப்படிப் போவது என்பதை, பெரிய திருப்பங்களை உடைக்காமல், வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், எதற்காகத் தவிர்த்தோம் என்று பார்த்துக்கொள்வது

ஒரு புத்தகத்தை ஆண்டுக்கணக்கில் தவிர்ப்பவர் பொதுவாகச் சொல்லும் காரணம் ‘நேரமில்லை’ என்பதுதான். அது பெரும்பாலும் உண்மையில்லை என்பது அவருக்கே தெரியும். என் மூன்று சீட்டுகளுக்கும் மூன்று வெவ்வேறு காரணங்கள் இருந்தன. முதல் முறை, புரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் பின்பக்கத்துச் சொல்லடைவுக்கு ஓடி, ஒரு பக்கத்துக்கு ஐந்து முறை நூலைப் புரட்டிக் களைத்துப்போனேன். இரண்டாம் முறை, அறிவியல் புனைகதை என்றால் விண்கலங்கள் மோதிக்கொள்ள வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு உட்கார்ந்தேன். அறுபது பக்கம் தாண்டியும் மூட்டை முடிச்சைக் கட்டி வேறு கிரகத்துக்குக் குடிபெயர்கிற ஒரு குடும்பத்தின் கவலைகளே ஓடிக்கொண்டிருந்ததால் சலிப்படைந்தேன். மூன்றாம் முறை, அந்த ஆண்டு வெளியான திரைப்படத்தைப் பார்த்துவிட்டு, கதைதான் தெரியுமே என்ற மிதப்பில் பத்திகளைத் தாவித் தாவிப் படித்து, எங்கே இருக்கிறேன் என்பதே தெரியாமல் நின்றேன்.

உங்கள் காரணம் இந்த மூன்றில் எது என்பதைத் தொடங்குவதற்கு முன்பே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. நாலாவதாக ஒன்றும் உண்டு: இந்த நாவலை வேதம்போலக் கொண்டாடுகிற நண்பர் ஒருவர், அதைப் படிக்காதவர்களை ஏளனமாகப் பார்ப்பது. அதற்கு என்னிடம் மருந்தில்லை. படித்து முடிக்கும்வரை அவரிடம் எதுவும் சொல்லாமலிருப்பது நல்லது.

காணிக்கைப் பக்கமே வாசல்

மூன்று முறையும் நான் பார்க்காமல் தாண்டிய பக்கம் ஒன்று நூலின் தொடக்கத்திலேயே இருக்கிறது. பிராங்க் ஹெர்பர்ட் இந்த நாவலை வறண்ட நிலங்களில் பணிபுரியும் சூழலியலாளர்களுக்குக் காணிக்கையாக்கியிருக்கிறார். விண்வெளி வீரர்களுக்கோ இயற்பியலாளர்களுக்கோ அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். 1957இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், ஃபுளோரன்ஸ் என்னும் கடற்கரை ஊருக்கு அருகே, நகர்ந்துகொண்டே இருக்கும் மணல்மேடுகள் சாலைகளையும் கட்டடங்களையும் விழுங்காதபடி அந்நாட்டு வேளாண்மைத் துறை புல் நட்டுத் தடுத்துவந்தது. பத்திரிகையாளராக இருந்த ஹெர்பர்ட் அதைப் பற்றிக் கட்டுரை எழுதுவதற்காக ஒரு சிறு விமானத்தை வாடகைக்கு எடுத்து மேலிருந்து பார்த்தார். கட்டுரை எழுதி முடிக்கப்படவே இல்லை. மணலைப் பற்றிச் சேர்த்த குறிப்புகள் மட்டும் பெருகிப் பெருகி, பாலைவனங்களில் பிறந்த மதங்கள், தலைவர்கள், குடிகள் என்று விரிந்து, கடைசியில் அராக்கிஸ் என்னும் மணற்கிரகமாக மாறின.

நமக்கு இது புதிய பாடம் அல்ல. நிலமும் பொழுதும் முதற்பொருள், அதிலிருந்து வரும் விலங்கும் உணவும் தொழிலும் தெய்வமும் கருப்பொருள், அவற்றுக்குப் பின்னரே மனிதரின் ஒழுக்கமாகிய உரிப்பொருள் என்று திணை இலக்கணம் படித்து வளர்ந்தவர்கள் நாம். ‘டியூன்’ அந்த வரிசையில்தான் கட்டப்பட்டிருக்கிறது. முதலில் நீரற்ற நிலம். அந்த நிலத்தில் மட்டுமே வாழும் பெரும் மணற்புழு. அந்தப் புழுவோடு தொடர்புடைய, வேறெங்கும் கிடைக்காத ‘ஸ்பைஸ்’ என்னும் பொருள். அந்தப் பொருளுக்காகப் பேரரசும் பெருங்குடும்பங்களும் வணிகமும் மதமும். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகின்றன என்கிறது சிலப்பதிகாரம். அந்தத் திரிபைத் தலைமுறைக் கணக்கில் திருப்பிப்போட்டு, பாலையை மீண்டும் பசுமையாக்க முயலும் மனிதர்கள் இந்த நாவலில் இருக்கிறார்கள். போர்க்கதை என்று நினைத்து உள்ளே போனால் நூறு பக்கம் காத்திருக்க வேண்டியிருக்கும். நிலத்தின் கதை என்று நினைத்துப் போனால் நிலம் மூன்றாம் அத்தியாயத்துக்குள்ளேயே பேசத் தொடங்கிவிடுகிறது.

எந்தப் பிரதி, எவ்வளவு நாள்

ஹெர்பர்ட் இந்த வரிசையில் ஆறு நாவல்கள் எழுதினார். ஆறையும் பெட்டியாக வாங்காதீர்கள். ஐந்து நூல்கள் வரிசையில் காத்திருக்கின்றன என்ற நினைப்பே முதல் நூலைச் சுமையாக்கிவிடும். 1965இல் வந்த முதல் நாவல் ஒன்றே போதும், அது தன்னளவில் முடிவடைகிற கதை. வாங்கும் பிரதியில் வரைபடம், நான்கு பின்னிணைப்புகள், சொல்லடைவு ஆகியவை இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மின்நூலைவிடக் காகிதம் இங்கே வசதியானது. வரைபடத்துக்குப் போய்த் திரும்புவது விரலால் செய்கிற வேலை. பழைய பிரதி வாங்குவதானால் எழுத்தின் அளவைப் பார்த்து வாங்குங்கள். என் பிரதியின் எழுத்து எறும்பு ஊர்வதுபோல இருக்கும், முதுகுப் பசையும் பொடிந்துவிட்டது. என் தோல்விகளில் அதற்கும் ஒரு சிறு பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

நாவலில் ஏறத்தாழ 1,88,000 சொற்கள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் நிதானமாகப் படிப்பவர் நிமிடத்துக்கு 150 சொற்கள் படிப்பார் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 21 மணி நேரம். நாளொன்றுக்கு 40 நிமிடம் ஒதுக்கினால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். அத்தியாயங்களுக்கு எண்ணோ தலைப்போ கிடையாது. ஒவ்வொன்றின் தலையிலும் இருக்கும் சாய்வெழுத்து மேற்கோளே எல்லைக்கல். நாள்தோறும் இத்தனை பக்கம் என்று கணக்கு வைக்காமல், ஒரு மேற்கோளிலிருந்து அடுத்த மேற்கோள் வரை என்று வைத்துக்கொள்வது நல்லது. அத்தியாயத்தின் நடுவில் நிறுத்தினால், அடுத்த நாள் யார் யாரிடம் என்ன மறைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது மறந்துபோகும்.

முதல் அமர்வில் இரண்டு அத்தியாயங்கள்

முதல் நாள் மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்கி, முதல் இரண்டு அத்தியாயங்களையும் ஒரே மூச்சில் படித்துவிடுங்கள். முதல் அத்தியாயத்தில் பதினைந்து வயதுப் பால் அட்ரெய்டீஸ் ஒரு பெட்டிக்குள் கையை விடுகிறான். கழுத்தருகே நஞ்சூசி இருக்கிறது, கையை வெளியே எடுத்தால் மரணம். உள்ளே வலி ஏறிக்கொண்டே போகிறது. எதற்காக இந்தச் சோதனை, அந்தக் கிழவி யார், அவள் உச்சரிக்கும் பெயர்களுக்கு என்ன பொருள் என்று எதுவும் முழுதாக விளங்காது, விளங்க வேண்டியதும் இல்லை. வலியைத் தாங்கும் ஒருவனின் மனத்துக்குள் இருந்தோம் என்பது மட்டும் பதிந்தால் போதும்.

இரண்டாம் அத்தியாயம் எதிரியின் மாளிகையில் நடக்கிறது. பாலின் குடும்பத்துக்குத் துரோகம் செய்யப்போகிறவர் யார் என்பதை ஆசிரியர் அங்கேயே பெயரோடு சொல்லிவிடுகிறார். நண்பர் யாராவது கதையை முன்கூட்டியே உடைத்துவிட்டார் என்று இந்த நாவலைத் தவிர்த்தவர்களுக்கு இது ஆறுதலாக இருக்கும். உடைத்த முதல் ஆள் ஆசிரியர்தான். துரோகி யார் என்று வாசகருக்குத் தெரியும், அவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது. நம் தெருக்கூத்தில் விடிய விடியக் காத்திருக்கும் பார்வையாளர் துரியோதனன் சாவான் என்று தெரிந்தேதான் உட்கார்ந்திருக்கிறார். அந்த மனநிலையோடு படித்தால், என்னைச் சலிப்பூட்டிய அதே அறுபது பக்கங்களில் ஒவ்வொரு சாதாரண உரையாடலும் நெஞ்சைப் பிசையத் தொடங்கும்.

சொற்களை என்ன செய்வது

சொல்லடைவைப் பின்பக்கத்திலேயே விட்டுவிடுங்கள். தொடக்கத்தில் ஆறு சொற்கள் தெரிந்தால் போதும். ‘மெலாஞ்ச்’ என்பது ஸ்பைஸின் இன்னொரு பெயர், ஆயுளை நீட்டி அறிவை விரிக்கிற, பழகினால் விட முடியாத பொருள். ‘பெனி ஜெஸெரிட்’ என்பது உடலையும் குரலையும் கட்டுப்படுத்தப் பயின்ற பெண்களின் சபை. ‘மென்டாட்’ என்பவர் மனிதக் கணினி. சிந்திக்கும் இயந்திரங்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அழித்துத் தடை செய்யப்பட்டுவிட்டதால், கணக்குப் போடுவதற்கென்றே மனிதர்கள் பயிற்றுவிக்கப்படுகிறார்கள். ‘கில்ட்’ என்பது விண்வெளிப் போக்குவரத்து முழுவதையும் கையில் வைத்திருக்கும் அமைப்பு. ‘சர்தாவ்கர்’ பேரரசரின் படை. ‘ஃபிரெமன்’ பாலைவனத்தின் குடிகள்.

மற்ற சொற்கள் எல்லாம் வரும் இடத்திலேயே தம்மை விளக்கிக்கொள்ளும் அல்லது விளக்காமலே போகும். சோழர் கால நாவல்களில் வேளக்காரப் படை, ஆபத்துதவிகள், கடம்பூர் மாளிகை என்று வந்தபோது நாம் அகராதியைத் தேடினோமா? பல சொற்கள் அரபு, பாரசீகத்திலிருந்து எடுக்கப்பட்டவை. மஹ்தி, ஜிகாத் போன்றவை நமக்குப் பழக்கமானவை. பேரரசரின் பட்டம் பாதுஷா என்பதே. அதைப் படித்ததும் இனிப்புக் கடைக் கண்ணாடிப் பெட்டி நினைவுக்கு வருவதை என்னால் கடைசிவரை தடுக்க முடியவில்லை. ‘ஸ்டில்சூட்’ என்ற உடைக்கு மட்டும் தமிழில் யோசித்தால் சட்டென்று பிடிபடும். ‘ஸ்டில்’ என்பது நம் சித்த மருத்துவர்கள் நீரை ஆவியாக்கி வடிக்கும் கலமான வாலை. வியர்வை, மூச்சின் ஈரம், கழிவு எல்லாவற்றையும் வடித்து, அணிந்திருப்பவருக்கே திரும்பக் குடிக்கத் தரும் வாலையை உடம்பில் போர்த்திக்கொள்கிறார்கள். அவ்வளவுதான்.

இன்னொரு பழக்கமும் தேவைப்படும். ஹெர்பர்ட் ஒரே காட்சிக்குள் நாலு பேரின் மனத்துக்குள் மாறி மாறிப் புகுவார், அவர்கள் நினைப்பதைச் சாய்வெழுத்தில் தருவார். ஒருவர் பேசுவது ஒன்று, நினைப்பது வேறொன்று. எதிரில் இருப்பவர் அதைக் கணித்து நினைப்பது இன்னொன்று. திரைப்படத்தால் எளிதில் காட்ட முடியாதது இது. படம் பார்த்தவர்கள் சாய்வெழுத்தைத் தாண்டினால் நாவலின் பாதியைத் தாண்டியவர்கள் ஆவார்கள். நான் தாண்டினேன், 112ஆம் பக்கத்தில் நின்றேன்.

அத்தியாய முகப்புகளையும் தாண்டாதீர்கள். இருலான் என்னும் இளவரசி பிற்காலத்தில் எழுதிய வரலாற்று நூல்களிலிருந்து எடுத்ததாகவே அவற்றில் பெரும்பாலானவை வருகின்றன. கதை நடக்கும்போதே அதன் வரலாறும் எழுதப்பட்டு, மெருகேற்றப்பட்டு, பக்தி நூலாகிவிட்டதை அவை காட்டுகின்றன. அந்த இளவரசி கதைக்குள் நேரில் வருவது நூலின் இறுதியில்தான்.

விருந்துக் காட்சிவரை போய்விடுவது

மூன்றாவது சீட்டைத் தாண்டி இன்னும் சற்றுத் தூரம் போயிருந்தால் நான் புத்தகத்தைக் கீழே வைத்திருக்கவே மாட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. அதற்கு முன்பே ஒரு சிறு கணக்கு வருகிறது, அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆளுநர் மாளிகைக்கு வெளியே இருபது பேரீச்ச மரங்கள் நிற்கின்றன. ஒரு மரத்துக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர் நீர் வேண்டும், ஒரு மனிதனுக்கு 8 லிட்டர். ஆகவே ஒரு மரம் ஐந்து மனிதருக்குச் சமம், இருபது மரங்கள் நூறு மனிதருக்குச் சமம். தெருவில் போகிறவர்கள் அந்த மரங்களைப் பார்க்கும் பார்வையில் என்ன இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பிறகு பாலின் தந்தை டியூக் லெட்டோ புதிய ஊரின் பெரிய மனிதர்களுக்கு விருந்து வைக்கிறார். முந்தைய ஆட்சியாளர்கள் விட்டுப்போன வழக்கப்படி, வாசலில் நீர்த் தொட்டிகள் வைக்கப்பட்டிருக்கின்றன. விருந்தினர் ஒவ்வொருவரும் கையை நனைத்து, சில கோப்பை நீரைத் தரையில் சிந்தி, துண்டில் துடைத்து, அந்தத் துண்டைத் தேங்கிய நீரிலேயே எறிந்துவிட்டு உள்ளே போக வேண்டும். விருந்து முடிந்ததும், துண்டுகளைப் பிழிந்தால் வரும் நீருக்காகப் பிச்சைக்காரர்கள் வெளியே கூடுவார்கள். டியூக் அந்த வழக்கத்தை அந்த இடத்திலேயே நிறுத்தி, உணவு நேரத்தில் வருகிற ஏழைகளுக்கு நீர் வழங்கச் சொல்கிறார். அந்த ஒரு கட்டளை யாருடைய வருமானத்தில் கை வைக்கிறது, யார் முகம் மாறுகிறது, மேசையில் யார் யாருடைய ஆள் என்பதெல்லாம் அதன் பிறகு வரும் பேச்சில் வெளிப்படுகிறது. 2021இல் வந்த திரைப்படத்தில் இந்த விருந்தே இல்லை. குழாயடியில் குடம் வைத்து வரிசை பிடித்த நினைவுள்ள யாரும் இந்த அத்தியாயத்தைச் சலிப்போடு படிக்க முடியாது. தொடக்க நாட்களுக்கு இதுவே இலக்கு என்று வைத்துக்கொண்டு ஓடி வாருங்கள். இதைக் கடந்தவர்கள் பெரும்பாலும் நிற்பதில்லை.

இதற்குச் சற்று முன்னால் இன்னொரு காட்சியும் உண்டு. ஃபிரெமன் தலைவன் ஸ்டில்கர், டியூக்கின் மேசைமீது குனிந்து எச்சில் துப்புகிறான். சுற்றியிருந்தவர்கள் கொதித்தெழும்போது, ஃபிரெமன்களோடு பழகிய ஒருவர் மட்டும் தடுத்து, உடலின் ஈரத்தைக் காணிக்கையாகத் தந்ததற்கு நன்றி சொல்லித் தானும் துப்புகிறார். நீரில்லாத இடத்தில் மரியாதையின் இலக்கணம் என்ன என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இரண்டாம் பகுதியில் வேகத்தைக் குறைப்பது

நாவல் மூன்று பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. முதல் பகுதி பெரியது, கடைசிப் பகுதி சிறியது. இரண்டாம் பகுதி பாலைவனத்துக்குள் நுழைகிறது, இங்கே நாளொன்றுக்கு ஒரே அத்தியாயம் போதும். மணலில் சீரான தாளத்தில் நடந்தால் புழு வந்துவிடும் என்பதால், தாளம் தப்பி நடக்கக் கற்கிறார்கள்: இழுத்து ஓரடி, நின்று ஓரடி, சறுக்கி ஓரடி. எனக்கு அந்தப் பக்கங்களைப் படித்த இரவில் அறைக்குள் நடந்து பார்க்காமல் இருக்க முடியவில்லை. தாளம் தப்புவது தாளம் போடுவதைவிடக் கடினம்.

இந்தப் பகுதியில் ஓர் இறுதிச் சடங்கு வருகிறது. இறந்தவனின் உடலிலிருந்து எடுத்த நீர் 33 லிட்டரும் சொச்சமும் என்று துல்லியமாக அளந்து அறிவிக்கப்படுகிறது. அது அந்தக் குலத்தின் சொத்து. அப்போது ஒருவன் அழுகிறான். கூடியிருந்தவர்கள் திகைத்துப்போய், இறந்தவனுக்கு ஈரம் தருகிறான் என்று தமக்குள் முணுமுணுக்கிறார்கள், கன்னத்தைத் தொட்டும் பார்க்கிறார்கள். நம் ஊர் ஒப்பாரியில் கண்ணீர் தாராளம். அங்கே அது உயிரின் அளவையிலிருந்து குறைகிற ஒன்று. இரண்டு பக்கமே வரும் இந்தக் காட்சியை நான் மூன்று முறை படித்தேன்.

பின்னிணைப்புகளை எப்போது திறப்பது

நான்காவது பின்னிணைப்பை நாவல் முடியும்வரை திறக்கவே கூடாது. பெருங்குடும்பங்களைப் பற்றிய சிறு குறிப்புகள் அவை, கதையின் பெரிய இரகசியம் ஒன்று அங்கே ஒரே வரியில் அலட்சியமாகச் சொல்லப்பட்டிருக்கும். முதல் முயற்சியின்போது சொல்லடைவைத் தேடிப் போன நான் தவறிப்போய் அதைப் படித்துவிட்டு, பல நாள் என்னையே நொந்துகொண்டேன்.

முதல் பின்னிணைப்பை மட்டும் இரண்டாம் பகுதி முடிந்த கையோடு படியுங்கள். அது அராக்கிஸின் சூழலியலைப் பற்றியது. பார்டாட் கைன்ஸ் என்னும் சூழலியலாளர் அந்தக் கிரகத்துக்கு வந்து, காற்றின் ஈரத்தைப் பிடிக்கும் பொறிகளில் நீர் சேர்த்து, மணல்மேட்டில் புல் பிடிக்கவைத்து, படிப்படியாகப் பசுமையாக்க முடியும் என்று மக்களுக்குக் கணக்கோடு காட்டுகிறார். எத்தனை காலம் ஆகும் என்று கேட்கிறார்கள். முந்நூறு முதல் ஐந்நூறு ஆண்டுகள் என்கிறார். கேட்டவர்கள் யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் வேலையில் இறங்குகிறார்கள். ஓரிகனில் புல் நட்ட மனிதர்கள் நாவலுக்குள் எங்கே போனார்கள் என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. இதைப் படித்துவிட்டு மூன்றாம் பகுதிக்குப் போகிறவருக்கும், படிக்காமல் போகிறவருக்கும் அதன் முடிவு ஒன்றாக இருக்காது.

மூன்றாம் பகுதியும் முடிவும்

மூன்றாம் பகுதி இரண்டு ஆண்டுகள் கழித்துத் தொடங்குகிறது. நடுவில் நடந்தவற்றை ஆசிரியர் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார். ஏதோ பக்கங்கள் விடுபட்டுவிட்டன என்று பைண்டிங்கைச் சோதிக்க வேண்டாம். வேகமாக ஓடும் பகுதி இது. இங்கே பால் வெற்றிமேல் வெற்றி பெறுகிறான். அதோடு கூடவே வாசகருக்கு ஓர் அசௌகரியம் வளர வேண்டும். அது வளர்ந்தால் சரியாகப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு மக்கள்கூட்டத்துக்கு நேரக்கூடிய பெரும் கேடு, அது ஒரு நாயகனின் கையில் சிக்குவதுதான் என்ற எச்சரிக்கை இரண்டாம் பகுதியிலேயே, பாலைவனத்தில் சாகக் கிடக்கும் ஒருவரின் நினைவில் ஒலித்துவிட்டது. கட்டவுட்டுக்குப் பால் ஊற்றிப் பழகிய ஊர்க்காரர்கள் என்பதாலோ என்னவோ, நாம் அதை எளிதில் மறந்துவிட்டு விசிலடிக்கத் தயாராகிவிடுகிறோம். வெளியான காலத்தில் அமெரிக்க வாசகர்களில் பலரும் அப்படித்தான் செய்தார்கள். நாவலின் முதல் வடிவத்தை ‘அனலாக்’ இதழில் 1963 முதல் 1965 வரை தொடராக வெளியிட்ட ஆசிரியர் ஜான் கேம்பல், நாயகனைச் சரித்துக் காட்டும் இரண்டாம் நூலைத் தம் இதழில் வெளியிட மறுத்துவிட்டார்.

முதல் நூலையே இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் மறுத்திருந்தன. கடைசியில் அதை 1965இல் அச்சிட்டது, கார் பழுதுபார்க்கும் கையேடுகளுக்குப் பெயர்பெற்ற சில்டன் நிறுவனம். அடுத்த ஆண்டே அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருதும் முதன்முதலாக வழங்கப்பட்ட நெபுலா விருதும் கிடைத்தன. அத்தனை பேர் தள்ளிவைத்த நூலை நாமும் சில ஆண்டு தள்ளிவைத்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முடிவு சட்டென்று வரும். கடைசிச் சொற்களைப் பேசுவது பால் அல்ல. ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம், வரலாறு தங்களை எப்படி அழைக்கும் என்று சொல்கிறாள், அத்தோடு நூல் நின்றுவிடுகிறது. நூலை மூடாமல் அப்படியே முதல் அத்தியாயத்தின் முகப்புக்குத் திரும்புங்கள். பால் கலடான் என்னும் கிரகத்தில் பிறந்து பதினைந்து ஆண்டு அங்கே வளர்ந்தவன் என்பதை வைத்து ஏமாந்துவிடக் கூடாது, அவனுடைய இடம் என்றைக்கும் அராக்கிஸே என்று அந்த வரலாற்றாசிரியை எழுதியிருப்பாள். ஒரு மாதத்துக்கு முன் அலங்காரமாகத் தெரிந்த அந்த வரியை எழுதியவள் யார், எந்த நிலையில் இருந்துகொண்டு எழுதினாள் என்பது இப்போது தெரியும்.

அடுத்த நூலான ‘டியூன் மெசையா’ 1969இல் வந்தது. முதல் நூலைவிட மிகச் சிறியது. மூன்றாம் பகுதியில் அந்த அசௌகரியம் உங்களுக்கு வந்திருந்தால், ஒரு மாத இடைவெளி விட்டு அதை எடுக்கலாம். வராமல் போயிருந்தால் உடனே எடுங்கள்.